நான் விரியன் வளர்க்க நினைத்த கதை

அப்பா இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். அவருக்கு வாட்ஸ்அப்பில் வரும் வாய்ஸ் மெசேஜ் போதும். அம்மா படித்தாலும் படிப்பார், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அம்மா, நான் எதையும் வாங்கவில்லை. கடைசிவரை படித்துவிட்டுத் திட்டவும்.

2025 ஜூன் தொடக்கத்தில் வந்த செய்தி ஒன்று உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். தாய்லாந்திலிருந்து மும்பை விமான நிலையத்தில் வந்து இறங்கிய ஒரு இந்தியப் பயணியின் பெட்டிகளைச் சுங்கத்துறைக்காரர்கள் திறந்து பார்த்தால், உள்ளே 47 விஷப் பாம்புகள். 44 இந்தோனேசியக் குழிவிரியன்கள், 3 சிலந்திவால் கொம்பு விரியன்கள். கூடவே ஐந்து ஆமைகள், அது தனிக்கதை. பல நிறப் பாம்புகள் ஒரு பாத்திரத்தில் நெளிகிற படத்தை எல்லோரும் பகிர்ந்தார்கள். எங்கள் விடுதியில் எல்லோரும் "யாருடா இதையெல்லாம் வாங்குவான்?" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியும். ஏனென்றால் அதற்கு ஒரு வருடம் முன்னால் கிட்டத்தட்ட வாங்க இருந்தவன் நான்.

பி.காம் படிக்கிறவனுக்கும் பாம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எனக்குப் பாம்பு மேல் ஒரு கிறுக்கு உண்டு. காஸ்ட் அக்கவுண்டிங் தேர்வுக்கு முந்தின இரவில்கூட அமெரிக்காவில் யாரோ ஒருவர் தன் வீட்டு அடித்தளத்தில் வைத்திருக்கும் பாம்புகளுக்குத் தண்ணீர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்களுடைய உலகமே தனி. விஷப் பாம்புகளை அவர்கள் 'ஹாட்' என்பார்கள். ஒரு அறை முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் பூட்டு, பெட்டியின் மேல் பாம்பின் பெயர், எத்தனை பாம்பு, கடித்தால் எந்த மருந்து, யாருக்கு முதலில் போன் செய்ய வேண்டும் என்று எழுதிய அட்டை. ஒழுங்கானவர்கள் கையால் தொடவே மாட்டார்கள். கொக்கி, இடுக்கி, பிளாஸ்டிக் குழாய் எல்லாம் உண்டு. பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன மறைவுப் பெட்டி இருக்கும், பாம்பு அதற்குள் போனதும் வெளியிலிருந்தே அதை மூடிவிட்டுத்தான் பெரிய பெட்டியைச் சுத்தம் செய்வார்கள். அறைக் கதவின் அடியில் ஒரு நூல் போகிற இடுக்குகூட இருக்காது. எங்கள் ஊர்க் கூட்டுறவு வங்கி லாக்கர் அறைக்குக்கூட இவ்வளவு பந்தோபஸ்து கிடையாது.

ஒழுங்கில்லாதவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பிறகு.

இதில் எனக்குப் பிடித்தது எது என்றால், அந்த அழகு. ஆப்பிரிக்காவின் கபூன் விரியன் உதிர்ந்த சருகுகளை யாரோ உட்கார்ந்து பாம்பின் மேல் வரைந்தது போல இருக்கும். நடு அமெரிக்காவின் இமைவிரியன் மஞ்சள் பூசிய மாதிரி ஒரே மஞ்சள். இந்தோனேசியாவின் கொமோடோ தீவில் ஒரு குழிவிரியன் வகை உண்டு, அதில் சில நீல நிறம். நீலம் என்றால் இங்க் நீலம் இல்லை, கோவில் சுவரில் கிருஷ்ணருக்கு அடிக்கிற நீலம். அதைப் பார்த்த நாளில் போன் திரையை மாற்றினேன்.

அந்தச் சிலந்திவால் விரியனின் கதை இன்னும் விசேஷம். மேற்கு ஈரானின் மலைப் பகுதியில் இருக்கிறது. 1968-ல் முதன்முதலில் ஒன்று கிடைத்தபோது, வால் நுனியில் இருந்ததைப் பார்த்து ஏதோ கட்டி, பிறவிக் கோளாறு என்று நினைத்தார்களாம். பிறகு இன்னொன்று கிடைத்து, 2006-ல்தான் அது தனி இனம் என்று அறிவித்தார்கள். வால் நுனி அசல் சிலந்தி மாதிரியே இருக்கும். பாறையோடு பாறையாகப் படுத்துக்கொண்டு அந்த வாலை மட்டும் ஆட்டும். சிலந்தி என்று நினைத்து இறங்குகிற பறவை அவ்வளவுதான். அறிவியலுக்கு அறிமுகமாகி இருபது வருடம்கூட ஆகாத ஒரு உயிர், அதற்குள் மும்பை விமான நிலையத்தில் ஒரு பெட்டிக்குள் கிடக்கிறது.

அபூர்வமானது என்று தெரிந்தால் விலை ஏறும், விலை ஏறினால் தேடிப் பிடிப்பார்கள், பிடிக்கப் பிடிக்க இன்னும் அபூர்வமாகும், விலை இன்னும் ஏறும். 2006-ல் ஃபிராங்க் கூர்ஷாம் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் கூட்டாளிகளும் இதையே ஒரு கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். சாதாரணமாக ஒரு பொருள் குறையக் குறைய அதைத் தேடுகிற செலவு கட்டுப்படியாகாமல் ஒரு இடத்தில் நிறுத்திவிடுவார்கள் என்பதுதான் நாங்கள் முதல் வருடம் படித்தது. சேகரிப்பவனிடம் அது நடப்பதில்லை. கடைசி ஒன்றுக்குத்தான் அவன் அதிகம் கொடுப்பான். சீனாவில் ஹுனான் மாகாணத்தில் மாங்ஷான் என்ற மலைப் பகுதியில் இருக்கும் குழிவிரியனுக்கும் இந்தக் கதிதான். 1990-ல் அறிவித்தார்கள், 2013-ல் சைட்டிஸ் பட்டியலில் சேர்த்துச் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

இரண்டாம் வருடம் படிக்கும்போது எங்களுக்குத் தொழில்முனைவு என்று ஒரு பேப்பர். ஒரு வியாபாரத் திட்டம் எழுதித் தர வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் க்ளவுட் கிச்சன், மீதிப் பேர் டி-ஷர்ட் பிரிண்டிங். அறைத் தோழன் ஒருவன் (அவன் மீன் தொட்டி வைத்திருப்பவன், இந்தக் கூட்டத்தோடு பழக்கம் உண்டு) ஒரு போன் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டான். முதலில் கிளிகள், ஓணான்கள், விஷமில்லாத மலைப்பாம்புக் குட்டிகள். நாலு வாரம் கழித்து ஒருவன் ஒரு படம் போட்டான். சாம்பார் பார்சல் கட்டித் தருவார்களே, அந்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஈரமான டிஷ்யூ தாள். அதன் மேல் வெற்றிலைப் பச்சையில் ஒரு குழிவிரியன், உதடு வெளுப்பு, வால் செம்பு நிறம்.

விலை கேட்டேன். என் ஒரு வருடக் கல்லூரிக் கட்டணத்தைவிடக் கொஞ்சம் அதிகம். ஜோடியாக எடுத்தால் குறைத்துத் தருவானாம்.

நான் அன்று இரவு எக்ஸெல் திறந்தேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே திறந்தேன். இந்த வகைக் குழிவிரியன் முட்டையிடாது, குட்டி போடும். ஒரு ஈற்றுக்கு இத்தனை குட்டி, பாதி செத்துப்போகும், மீதியை இந்த விலைக்கு விற்றால் இரண்டாம் வருடமே முதல் திரும்பிவிடும். கண்ணாடித் தொட்டி, எலிக்குஞ்சு, அறைக்கு ஏசி, மின்கட்டணம் எல்லாம் வரிசையாகப் போட்டேன். தேய்மானம்கூட நேர்கோட்டு முறையில் போட்டேன்! கடைசியில் 'இதர செலவுகள்' வரிசைக்கு வந்தபோது கை நின்றது. 'கடித்தால்' என்று ஒரு வரிசை சேர்த்தேன். தொகை எழுதத் தெரியவில்லை.

அவனிடமே கேட்டேன். "ப்ரோ, கடிச்சா என்ன மருந்து?"

"ஜிஹெச்ல ஊசி இருக்கும் ப்ரோ, ஃப்ரீயாவே போடுவாங்க."

இந்தப் பதில் பொய் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் இந்தப் பதிவின் பாதி.

நாங்கள் செய்யாறு பக்கம். கொஞ்சம் நெல், கொஞ்சம் மணிலா. 2018 நவம்பரில் நான் ஒன்பதாவது படிக்கும்போது, ராத்திரி மும்முனை கரண்ட் வருகிற முறை. மோட்டார் போட்டுவிட்டு மடை மாற்ற அப்பா போனார். டார்ச் இருந்தது, பேட்டரி மங்கல். பத்தரை மணிக்குத் திரும்பி வந்து, "ஏதோ குத்தின மாதிரி இருக்குது, எதுக்கும் விளக்கைப் போடு" என்று திண்ணையில் உட்கார்ந்தார். வலது காலில் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி. பக்கத்து நிலத்துக்காரப் பெரியப்பா ஓடிப்போய் வரப்பிலேயே அதை அடித்து, உரச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். (அடிக்கக் கூடாது, தேடிப் போகவும் கூடாது, இப்போது தெரியும். அப்போது யாருக்குத் தெரியும்.) கண்ணாடி விரியன்.

பைக்கில் அப்பாவை நடுவில் உட்காரவைத்து அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். நானும் அம்மாவும் பின்னால் வேறொருவர் வண்டியில். அங்கே ஒரு இளம் டாக்டர் செய்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை. கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு சோதனைக் குழாயில் விட்டு, அதை அசைக்காமல் ஓரமாக நிறுத்தினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிடம். பிறகு குழாயை மெல்லச் சாய்த்தார். உறைந்திருக்க வேண்டிய ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. கண்ணாடி விரியன் விஷம் ரத்தம் உறைகிற சக்தியையே காலி செய்துவிடும் என்று பிறகு படித்தேன். அன்றைக்கு அந்தக் குழாய் சாய்ந்ததும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டது மட்டும் தெரியும்.

பத்துக் குப்பி மருந்து ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி அதே குழாய், அதே இருபது நிமிடம், மறுபடி உறையவில்லை. இன்னும் பத்துக் குப்பி. மூன்றாவது முறை சாய்த்தபோது ரத்தம் குழாயோடு ஒட்டி நின்றது. அதற்கப்புறமும் இரண்டு நாள் சிறுநீர் சரியாகப் போகிறதா என்று அளந்து அளந்து எழுதினார்கள், சிறுநீரகம் போய்விடுமோ என்ற பயம். போகவில்லை. ஒரு பைசா வாங்கவில்லை.

மருந்துத் தட்டில் கிடந்த காலி அட்டைப்பெட்டி ஒன்றை நான் எடுத்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. அதில் நாலு பாம்பின் பெயர் இருக்கும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அந்த நாலு பாம்பின் விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, குதிரை ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பைப் பிரித்தெடுத்துத்தான் நம் நாட்டு மருந்து தயாராகிறது. அந்த நாலுக்கு வேலை செய்யும். அதில் இல்லாத பாம்புக்கு அதை நம்ப முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இருக்கும் திமில்மூக்குக் குழிவிரியன் கடிக்கே அந்த மருந்து சரியாகக் கேட்பதில்லை. அது நம் ஊர்ப் பாம்பு. இந்தோனேசியாவிலிருந்து டப்பாவில் வந்த பாம்புக்கு?

அந்தப் பச்சைக் குழிவிரியன் வகைக்கு மருந்து உலகத்தில் இல்லாமல் இல்லை. பாங்காக்கில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ராணி சவோபா நிறுவனம் பச்சைக் குழிவிரியனுக்கென்றே தனியாக மருந்து தயாரிக்கிறது. அங்கே 1923-லிருந்து பாம்புப் பண்ணை இருக்கிறது. ஆக, பாம்பு எந்த ஊரிலிருந்து விமானம் ஏறுகிறதோ அதே ஊரில்தான் மருந்தும் இருக்கிறது. பெட்டிக்குள் பாம்பு வருகிறது, மருந்து வருவதில்லை. மருந்தைக் குளிரில் வைத்து, ரசீது போட்டு, அனுமதி வாங்கி அனுப்ப வேண்டும். பாம்புக்கு ஒரு காலுறை போதும்.

அட்டைப்பெட்டி ஊரில் அலமாரியில் இருந்தது. அம்மாவுக்குப் போன் செய்து, "அந்தப் பழைய டப்பாவைப் படம் எடுத்து அனுப்பும்மா, ப்ராஜெக்ட்டுக்கு" என்றேன். வந்தது. நாலு பெயர். அந்தப் படத்தை அவனுக்கு அனுப்பி, "இதில் உன் பாம்பு எங்கே?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டான். :)

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்த வெளிநாட்டுக்காரர்கள் மேல் இருந்த மரியாதை குழப்பமாகிவிட்டது. அவர்கள் இந்த வரிசையில் என்ன தொகை எழுதுகிறார்கள்? அதைத் தேடிப் படித்துக்கொண்டே போனேன்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. சில இடங்களில் அனுமதி வேண்டும், சில இடங்களில் தடை, சில இடங்களில் எதுவுமே வேண்டாம். வடக்கு கரோலினாவில் அனுமதி தேவையில்லை, பூட்டிய பெட்டியில் வைத்தால் போதும். 2021 ஜூனில் ராலே நகரத்தில் ஒரு வீட்டு வாசலில் வரிக்கோடு போட்ட நாகம் ஒன்று, விஷத்தைத் துப்பும் ரகம், உலாவிக்கொண்டிருந்தது. பிடிக்க இரண்டு நாள் ஆனது. பிறகு பார்த்தால் அது முந்தின நவம்பரிலேயே ஒரு இளைஞனின் சேகரிப்பிலிருந்து தப்பியிருக்கிறது. ஏழு மாதம்! அவன் யாரிடமும் சொல்லவில்லை. அதே ஆள் அந்த மார்ச் மாதம் தன்னுடைய பச்சை மாம்பாவிடம் கடி வாங்கியிருந்தான். அதற்கான மருந்து பக்கத்து மாநிலத்தில் உள்ள ரிவர்பேங்க்ஸ் மிருகக்காட்சிசாலையிலிருந்து போனது.

இதுதான் என் கேள்விக்கான பதில். அங்கே வெளிநாட்டுப் பாம்புகளுக்கான மருந்தைப் பெரும்பாலும் மிருகக்காட்சிசாலைகள்தான் விசேஷ அனுமதியில் இறக்குமதி செய்து வைத்திருக்கின்றன, தங்கள் ஊழியர்களுக்காக. மயாமியில் தீயணைப்புத் துறை ஒரு மருந்துக் கிடங்கே நடத்துகிறது. யாரிடம் எந்த மருந்து எத்தனை குப்பி இருக்கிறது என்று ஒரு பட்டியலும் உண்டு. தனியார் சேகரிப்பாளனில் மிகச் சிலரே சொந்தமாக மருந்து வைத்திருக்கிறார்கள். விலை அப்படி, கிடைப்பது அப்படி, சில வருடத்தில் காலாவதியாகும், பயன்படுத்தாமலே தூக்கிப்போட வேண்டும். ஆகவே அவன் என்ன செய்கிறான்? மருந்தை வேறொருவரின் கையிருப்பில் விட்டுவிடுகிறான். எங்கள் பாடத்தில் இதற்குக் கன்டிஜென்ட் லயபிலிட்டி என்று பெயர். நடந்தாலும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்கிற கடன். இருப்புநிலைக் குறிப்பின் அடியில் சின்ன எழுத்தில் போடுவார்கள். இவர்கள் சின்ன எழுத்தில்கூடப் போடவில்லை. அடுத்தவர் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள்.

அபூர்வப் பாம்பு என்றால் இன்னும் மோசம். மருந்து தயாரிக்க விஷம் வேண்டும், விஷம் சேகரிக்கப் பாம்பு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே வாங்க ஆள் வேண்டும். வருடத்துக்கு நாலு பேரைக் கடிக்கும் பாம்புக்கு எந்தக் கம்பெனி குதிரை வளர்க்கும்? எந்தப் பாம்புக்கு விலை உச்சத்தில் இருக்கிறதோ அதற்குத்தான் மருந்து இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். அபூர்வம் என்பதற்காகவே ஒருவன் கூடுதல் பணம் கொடுக்கிறான். அந்தக் கூடுதல் பணத்துக்கு அவன் வாங்குவது என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

அனுபவம் காப்பாற்றுமே என்பார்கள். 1957-ல் சிகாகோவில் கார்ல் ஷ்மிட் என்ற பெரிய பாம்பு நிபுணரை ஒரு சின்ன பூம்ஸ்லாங் கடித்தது. அவருடையது சொந்தச் சேகரிப்பு இல்லை, அருங்காட்சியக வேலை. இவ்வளவு சின்னப் பாம்பு என்ன செய்துவிடும் என்று தனக்கு நடப்பதையெல்லாம் மணிவாரியாகக் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார், மறுநாள் இறந்துபோனார்.

2011 ஜூன் மாதம் இரண்டு மரணங்கள், இரண்டு வார இடைவெளியில். ஒருவர் பில் ஹாஸ்ட். புளோரிடாவில் 1947-லிருந்து 1984 வரை மயாமி செர்பென்டேரியம் நடத்தியவர், விஷம் எடுத்து ஆராய்ச்சிக்குக் கொடுத்தவர். தனக்குத் தானே விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசி போட்டுக்கொண்டவர். 170 முறைக்கும் மேல் கடி வாங்கியவர். தன் ரத்தத்தையே மற்றவர்களுக்கு மருந்தாகக் கொடுத்தவர். 100 வயதில் இயற்கையாக இறந்தார். அவரைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு ஒரே பிரமிப்பு. இன்னொருவர் இங்கிலாந்தின் லூக் யோமன்ஸ். ராஜநாகங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று சொந்தமாகச் சரணாலயம் வைத்து, அதைப் பொதுமக்களுக்குத் திறக்க இருந்த நேரத்தில், அவருடைய ராஜநாகம் ஒன்றே கடித்து 47 வயதில் இறந்தார். இங்கிலாந்தில் 1976-லிருந்தே ஆபத்தான விலங்கு வைத்திருக்க உரிமம் வாங்க வேண்டும். உரிமம் அயலாரைக் காப்பாற்றலாம், வைத்திருப்பவரைக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது.

ஜெர்மனியில் ஹெர்னே என்ற ஊரில் 2019 ஆகஸ்டில் ஒரு ஒற்றைக்கண் நாகம் அடுக்குமாடி ஒன்றில் தொலைந்துபோனது. சுமார் முப்பது பேர் வீட்டைவிட்டு வெளியேறி, பாம்பு கிடைக்கும்வரை, கிட்டத்தட்ட ஐந்து நாள், வேறெங்கோ தங்கினார்கள். அந்த மாநிலத்தில் 2021 ஜனவரியிலிருந்து கொடிய விஷ உயிரினங்களைத் தனியார் புதிதாக வாங்கி வளர்க்கத் தடை. ஒரு பாம்பு, ஒரு மாநிலச் சட்டம்.

இவ்வளவு படித்த பிறகும் என்னால் "எல்லோரும் முட்டாள்கள்" என்று சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. காரணம் டிம் ஃப்ரீட். விஸ்கான்சினில் வீட்டிலேயே விஷப் பாம்புகள் வைத்திருந்தவர். 2001-ல் அடுத்தடுத்து இரண்டு நாகங்கள் கடித்து நாலு நாள் நினைவில்லாமல் கிடந்தவர். விட்டாரா? ஏறக்குறைய 18 வருடம் தனக்குத் தானே நூற்றுக்கணக்கான முறை விஷ ஊசி, அதுபோக வேண்டுமென்றே சுமார் 200 கடி. பெரிய படிப்பெல்லாம் இல்லை, மெக்கானிக்காக இருந்தவர். கடைசியில் அவர் ரத்தத்திலிருந்து எடுத்த இரண்டு எதிர்ப்புப் புரதங்களோடு ஒரு ரசாயன மருந்தையும் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 2025 மே மாதம் 'செல்' ஆய்விதழில் கட்டுரை வந்தது. நாகம், மாம்பா, கட்டு விரியன் குடும்பத்துப் பாம்புகள் 19-ல் 13-க்கு முழுப் பாதுகாப்பு, மீதி 6-க்கு ஓரளவு. குதிரை இல்லாத, பல பாம்புக்கு ஒரே மருந்து வரலாம் என்ற நம்பிக்கை அதிலிருந்துதான். இந்தியாவில் 2000-லிருந்து 2019 வரை பாம்புக்கடியில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று ஒரு ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டுக்காரன் அந்த மனிதரைப் பைத்தியக்காரன் என்று எப்படிச் சொல்வது? ஆனால் அந்த 19-ல் ஒரு விரியன்கூட இல்லை என்பதையும் உடனே தேடிப் பார்த்தேன். அப்பாவைக் கடித்தது அதில் இல்லை.

போன வருடம் நண்பர்களோடு மாமல்லபுரம் போனபோது வழியில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணைக்குள் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்த்தோம். 1978-ல் ரோமுலஸ் விட்டேகர் முயற்சியில் ஆரம்பித்தது. பாம்புத் தோல் வியாபாரம் தடையானதும் வேலை இழந்த இருளர்களுக்கான சங்கம். மண்பானை வரிசையாக இருக்கிறது. வாயைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பானைக்குள்ளும் பாம்பு. வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் பிடிக்கக் கூடாது. சில வாரம் வைத்திருந்து, நாலு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிவிட்டுக் காட்டிலேயே கொண்டுபோய் விடுகிறார்கள். நம் நாட்டில் மருந்து தயாரிக்கப் பயன்படும் விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போயிருக்கிறது. இந்தச் சமூகத்தின் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு அண்ணன் கண்ணாடி விரியனின் தலையைப் பிடித்து, கண்ணாடிக் குவளையின் மேல் கட்டிய சவ்வைக் கடிக்கவைத்தார். மஞ்சளாக ஒரு சொட்டு இறங்கியது. நல்லெண்ணெய் மாதிரி. என் நண்பர்கள் வீடியோ எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. கூட்டம் நகர்ந்தபிறகு அவரிடம், "அண்ணா, இதுல ஏதாவது ஒண்ணு உங்களுக்குப் பிடிச்சதுன்னு வீட்டுல வெச்சுக்கத் தோணியிருக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "அது என்னாத்துக்குத் தம்பி? அதுக்குக் காடு இருக்குதே," என்றார். சொல்லிவிட்டு அடுத்த பானையை அவிழ்க்கப் போய்விட்டார்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னதில்லை. இரவு நேரப் பாசனத்துக்கு இப்போது அவர் முட்டிவரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போகிறார், நான் வாங்கிக் கொடுத்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் போனை வாங்கி யாருக்கோ பேசப் போனவர், திரையில் இருந்த நீலப் பாம்பைப் பார்த்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இது எந்த ஊர்ப் பாம்பு?"

"இந்தோனேசியாப்பா."

"அழகா இருக்குது," என்றார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார். "அங்கயே இருக்கட்டும்."

தொழில்முனைவு பேப்பருக்கு என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள். மணிலா எண்ணெய்ச் செக்கு. 'பி' கிரேடு.